பெயர் மாறி வந்த கேசட்

"உள்ள யாரு புள்ள? ஆம்பளக் கொரலு கேக்குது!"

மஜீதா மாமி தட்டிய வேகத்தில் தாழ்ப்பாள் குலுங்கியது. சாலிஹா தாவிப்போய் டேப்ரிக்கார்டரை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"பாட்டு மாமி. அவுக அனுப்புன கேசட்டு."

மாமி நம்பவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். "வெள்ளக்காரன் கத்துறதக் கேக்கவா பட்டப்பகல்ல கதவச் சாத்துற? மீனு கெடக்கு, வந்து ஆஞ்சு குடு."

திருப்பாலைக்குடியில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து நான்கு வருடம். அதில் புருஷன் அகமது கபீரோடு இருந்தது இரண்டே மாதம். மதுரையில் பி.ஏ. இங்கிலீஷ் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவளை நிக்காஹ் முடித்துக் கூட்டி வந்தார்கள். அதன்பிறகு வாசலைத் தாண்ட ஒவ்வொரு தடவையும் மாமியின் உத்தரவு வேண்டும்.

சவூதியில், தம்மாமிலிருந்து கபீர் எழுதும் கடிதம்கூட நேரே அவள் கைக்கு வராது. வீட்டார் எல்லோரும் கூடத்தில் உட்கார, கொழுந்தன் சுஐபு உரக்கப் படித்து முடித்த பிறகுதான் வரும்.

ஹாஸ்டல் நாட்களில் அவள் கேட்டு மயங்கியது ராய் டென்டன் என்ற இளம் பாடகனை. அவன் கேசட் ஒன்று வேண்டும் என்று கபீருக்கு எழுதியிருந்தாள். வந்தது ராய் டென்னிங். அட்டையில் நரைத்த தாடியும் எலெக்ட்ரிக் கிடாருமாக ஒரு கிழவர் முறைத்துக்கொண்டிருந்தார். 'நீ கேட்டதை வாங்கிவிட்டேன். இரண்டாம் பக்கம் முதல் பாட்டைக் கேள், அதுதான் நன்றாக இருக்கிறதாம்' என்று கடிதம் சொன்னது.

ஒரு பெயரைக்கூட ஒழுங்காகப் படிக்கத் தெரியாத மனுசன் என்று அழுகை வந்தது சாலிஹாவுக்கு. கேசட்டை அலமாரிக்குள் தூக்கிப் போட்டாள். இரண்டு மாதம் அது அங்கேயே கிடந்தது.

ஐப்பசியில் ஒருநாள் கூடம் முழுக்க ஆண் விருந்தாளிகள். அறையைவிட்டு வெளியே வர வழியில்லை. வேறு பொழுதுபோக்கு இல்லாமல்தான் அந்தக் கேசட்டை எடுத்துப் போட்டாள். தகரத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு போவதுபோல் கிடார் இரைந்தது. பிறகு, தொண்டை கட்டிய ஒரு குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பாடியது.

'கப்பல் துறையில் நிற்கிறது. எனக்கு ஊர் இருக்கிறது, நடக்கக் காலும் இருக்கிறது. என் பெயர் எழுதிய தாள் மட்டும் முதலாளியின் மேசைக்குள் இருக்கிறது.'

படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். தன்னுடைய சான்றிதழ்கள் மாமியின் பீரோவுக்குள் பூட்டிக் கிடப்பது இந்தக் கிழவருக்கு எப்படித் தெரிந்தது?

முப்பது வருடமாகத் தன் பாட்டைத் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடுகிறவர் என்று அட்டையின் பின்பக்கம் சொன்னது. அன்றிலிருந்து டென்டனை மறந்தே போனாள். தினமும் மத்தியானம், சத்தத்தைக் குறைத்து, ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு டென்னிங்கைக் கேட்டாள்.

கேட்கக் கேட்கக் கபீர்மேல் கோபம்தான் ஏறியது. கடல் தாண்டி எங்கோ இருக்கும் கிழவருக்குத் தெரிகிற வேதனை, கைப்பிடித்தவனுக்குத் தெரியவில்லையே. யாருக்கும் தெரியாமல் ஒரு கடிதம் எழுதினாள். 'நீங்கள் அங்கே காலாறத் திரிகிறீர்கள். நான் இங்கே ஜெயிலில் இருக்கிறேன். அடுத்த மாதத்துக்குள் வந்து என்னைக் கூட்டிப்போகாவிட்டால் வாப்பா வீட்டுக்குப் போய்விடுவேன். பிறகு வரமாட்டேன்.'

அதை நேராகக் கொடுத்தனுப்ப, மாமி கதவைத் தட்டிய அன்றைக்கே ஆள் வந்தது. மீனை ஆய்ந்து கழுவி வைத்த நேரம், மதார் வந்தான். தம்மாமில் கபீரோடு ஒரே அறையில் தங்கி, வேறு கம்பெனியில் வேலை பார்ப்பவன். கபீரை அண்ணன் முறையில் 'காக்கா' என்றும் சாலிஹாவை அக்கா முறையில் 'லாத்தா' என்றும் கூப்பிடுகிறவன். விடுமுறை முடிந்து நாளைக்குத் திரும்புகிறான்.

"எம் மவன் எப்பத்தான்பா வருவான்?" என்றாள் மாமி.

"வேல சாஸ்தி மாமி. ஏசி ஆபீசு, சொகமா இருக்காக." மதார் தரையைப் பார்த்தே சொன்னான்.

மாமி சர்பத் கலக்க அடுப்படிக்குப் போனாள். அடுத்த நொடி, அறை வாசல் திரைக்குப் பின்னாலிருந்து சாலிஹாவின் கையில் ஒட்டிய கவர் நீண்டது.

"தம்பி, இத அவுக கையில மட்டும் குடுங்க. கேசட்டுப் பேரு மாறிப்போச்சுன்னும் சொல்லுங்க. நான் கேட்டது டென்டன். ஆனா இந்தக் கெழவரு பாட்டும் நல்லாத்தான் இருக்கு."

மதார் கவரை வாங்கவில்லை. அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ரெண்டாம் பக்கம் மொதப் பாட்டக் கேட்டீங்களா லாத்தா?"

"மனப்பாடமே ஆயிருச்சு. ஏன்?"

"கபீர் காக்காவோட பாஸ்போர்ட்ட ரெண்டு வருசமா மொதலாளி பூட்டி வச்சிருக்கான். ஊருக்குப் போகணும்னு கேட்டா அடிக்கிறான். லெட்டர்ல எழுதுனா கூடத்துல படிப்பாங்க, உம்மா நெஞ்சப் புடிச்சிக்கிட்டு விழுந்துரும்னு பயம். எங்க ரூமுல இருக்க கோவாக்காரருதான் இந்தப் பாட்டப் போட்டு அர்த்தம் சொன்னாரு. அன்னைக்குக் காக்கா அழுத அழுகை இருக்கே..."

நீட்டிய கவர் மெல்லத் திரைக்குள் போனது.

"அப்ப... பேரு மாறி வாங்கலையா?"

"கடையில ரெண்டு பேரு கேசட்டும் பக்கத்துப் பக்கத்துலதான் இருந்துச்சு லாத்தா. ‘எங்க வீட்டுல இங்கிலீசு தெரிஞ்சவ அவ ஒருத்திதான்’னு சொல்லி இத எடுத்தாக."