கேப்டன் வராத பேட்டி

"சாருக்குத் தொண்டை கட்டிக்கிச்சாம். இன்னிக்குப் பேட்டிக்கு வர முடியாதாம்."

கேப்டனின் உதவியாளர் இப்படிச் சொல்லிவிட்டுப் போனை வைத்ததும் எடிட்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் தலைவலி. அதற்கு முன்னால் யாரோ சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். இப்போது தொண்டை.

'நட்சத்திரப் படகு' என்ற அந்த விண்வெளித் தொடரை டி.வி.யில் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். சேனல் அதை ஒரு வாரம் செவ்வாய்க்கிழமை போட்டது, மறு வாரம் ஞாயிறு காலையில் போட்டது, ஏதாவது விளையாட்டுப் போட்டி வந்தால் போடாமலே விட்டது. பார்க்க நினைத்தவர்களும் தேடித் தேடி அலுத்துப் போனார்கள்.

கடைசியில் மேனேஜர் ஒரு வழி சொன்னார். மொத்தத் தொடரையும் டி.வி.டி.யாகப் போட வேண்டியது. விற்றால் அடுத்த பாகம். விற்காவிட்டால் விண்கலத்தைப் பிரித்து, அந்தப் பலகையில் சமையல் நிகழ்ச்சிக்கு அலமாரி.

டி.வி.டி. தயாரிக்கும் பொறுப்பு எடிட்டர் தலையில் விழுந்தது. டி.வி.யில் வராத ஏதாவது இருந்தால்தானே வாங்குவார்கள்? விண்கலக் கேப்டனாக நடித்த கதாநாயகனின் பேட்டியைச் சேர்க்கலாம் என்று அவள்தான் யோசனை சொன்னாள். அதற்குத்தான் இந்த இழுத்தடிப்பு.

"ஓடாத தொடருக்கே இவ்வளவு பந்தா. ஓடியிருந்தா கையில பிடிக்க முடியுமா?" என்று கேமராமேனிடம் பொருமினாள்.

ஒரு வழியாகக் கேப்டன் ஒப்புக்கொண்டார். கூடவே ஒரு நிபந்தனை. பேட்டியின்போது அவருக்குப் பின்னால் தொடரில் வரும் ரோபோ நிற்க வேண்டுமாம். வெறும் உடுப்பை நிறுத்தினால் போதாதாம், உள்ளே ஆள் இருந்து அவ்வப்போது கையை ஆட்ட வேண்டுமாம்.

ரோபோ உடுப்புக்குள் இருந்த நடிகரை எல்லோரும் 'தகரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். தொடர் முழுக்க வந்தவர். ஆனால் முகம் வெளியே தெரியாது, குரலும் வேறொருவருடையது. கேப்டனுக்குப் பின்னால் பொம்மை மாதிரி நிற்க அவரைக் கூப்பிட எடிட்டருக்கே கூச்சமாக இருந்தது. அவரோ, "அதுக்கென்னம்மா, வந்துட்டாப் போச்சு" என்றார்.

பேட்டி நாள் வந்தது. விளக்குகள் தயார், கேமரா தயார். நாற்காலி மட்டும் காலி. அதற்குப் பின்னால் ரோபோ காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றது. கேப்டனைக் காணோம். போனை எடுக்கவும் இல்லை. மதியத்துக்கு மேல் அந்த அறை வேறு நிகழ்ச்சிக்கு. மறுநாளே டி.வி.டி. அச்சுக்குப் போயாக வேண்டும்.

"தலையைக் கழட்டிடுங்க அண்ணே. இனிமே அவர் எங்க வரப் போறார்?" என்றாள் எடிட்டர்.

தலையைக் கழற்றியதும் தொப்பலாக நனைந்த ஒரு முகம் வெளியே வந்தது. பாவமாக இருந்தது. அந்த நாற்காலியிலேயே உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அவள் முகம் தொங்கிப் போயிருந்ததைப் பார்த்து, தகரம்தான் அவளைத் தேற்றுவதற்காகப் பழைய கதை ஒன்றை எடுத்துவிட்டார். விளக்குப் போடும் ஆள் வரைக்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

எடிட்டர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அண்ணே, இதையே கேமரா முன்னாடி சொல்றீங்களா?"

சொன்னார். கேப்டன் சாகக் கிடக்கும் காட்சியில், உடுப்புக்குள் இருந்த இவருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டதாம். கண்ணீர் ஒயரில் இறங்கி, ரோபோவின் கண் விளக்கு விட்டு விட்டு எரிந்து அணைந்துவிட்டதாம். இரும்புக்கும் மனசு இருப்பதைக் காட்டிவிட்டார் என்று டைரக்டரை எல்லோரும் கொண்டாடினார்களாம்.

"எனக்கு லேசா ஷாக் அடிச்சிருந்துச்சு. ஆனா டைரக்டர் அவ்வளவு சந்தோஷமா இருந்தார். நடுவுல போய் அதை எப்படிச் சொல்றது?"

கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது கொஞ்சம் தயங்கினார்.

"ரோபோ எங்கப்பாதான்னு என் பொண்ணு ஸ்கூல்ல சொல்லுவா. ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. இனிமே இதைப் போட்டுக் காட்டலாமில்ல?"

டி.வி.டி. கடைகளுக்குப் போனது. வாங்கியவர்கள் பேட்டியை முதலில் பார்த்தார்கள், பிறகு ரோபோவின் கண் அணையும் காட்சியைத் தேடிப் பார்த்தார்கள், அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். கடைக்காரர்கள் மறுபடி மறுபடி கேட்டு வாங்கினார்கள். சேனலும் இறங்கி வந்தது. அடுத்த பாகம் உறுதியாயிற்று. விண்கலம் பிழைத்தது.

அதற்காக அலுவலகத்தில் சின்னதாக விருந்து. தகரம் மகளோடு வந்து, மேடையில் முகம் காட்டி நின்றார். பின்வரிசையில் கேப்டன், எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார். எடிட்டர் அவர் பக்கமே திரும்பவில்லை. கேக் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, வாட்ச்மேனிடம் கொடுத்தாள்.

"உள்ள பாருங்க, கைதட்ட மட்டும் வந்துட்டார் கேப்டன். அன்னிக்கு ஒரு தடவை இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

வாட்ச்மேன் கேக்கை வாயில் வைக்காமல் அவளைப் பார்த்தார்.

"பேட்டி அன்னிக்கா? நீங்கள்லாம் உள்ள போன கொஞ்ச நேரத்துலயே வந்துட்டாரேம்மா. வராந்தாவுல நின்னு கதவுக் கண்ணாடி வழியா உள்ளேயே பார்த்துக்கிட்டிருந்தார். தகரம் அண்ணன் நாற்காலியில உட்கார்ந்து பேச ஆரம்பிச்சதும் கிளம்பிட்டார். ஏன் சார், உள்ள போகலையான்னு கேட்டேன். 'நான் போனா அவரை எழுப்பி விட்டுடுவாங்களே'ன்னார்."