தங்க நிறக் கட்டம்

மதாம் ஜூஸ்தின் பென் டிரைவை பூர்ணிமாவின் மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எம்புள்ள போட்டோம்மா. அந்தத் தங்கக் கலரு கட்டத்துல போட்டுக் காட்டு, பாத்துட்டுப் போறேன்."

தங்க நிறக் கட்டம் என்று யாராவது சொன்னாலே பூர்ணிமாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நெல்லித்தோப்பில் ராஜாங்கம் நடத்தும் திருமணத் தகவல் மையத்துக்கு இந்த வருடம்தான் வெப்சைட் வந்தது. வரன்களை ஏற்றுகிற எடிட்டரில் ஆளுக்கொரு கட்டம் வேண்டும் என்றார். பிளாக் என்று அதற்குப் பெயர். பொத்தானை அமுக்கினால் படம், பெயர், வயது, படிப்பு எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார வேண்டும்.

சொல்லித்தர ஆள் இல்லை. நெட்டில் தேடி, புரியாததைப் பத்து தடவை படித்து, பக்கம் மொத்தமும் வெள்ளையாகிப் போய் அழுது, பூர்ணிமா தானாகவே கற்றுக்கொண்டாள். முதல் கட்டம் திரையில் ஒழுங்காக வந்து நின்ற அன்று தவளக்குப்பம் வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே போனாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் ராஜாங்கம் மண்ணைப் போட்டார்.

"பிரெஞ்சு நேஷனாலிட்டின்னா தங்கக் கலர்ல பார்டர் வரணும்மா. மொத ஆளா மேல நிக்கணும். மத்ததெல்லாம் கீழ."

மத்ததெல்லாம்! ரேஷன் கார்டோடு பிறந்தவர்கள் எல்லோரும் அவருக்கு மத்ததெல்லாம்.

பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சம்பந்தம் பேசுவதற்கு மாட்டுச்சந்தையே மேல். அங்கே பல்லையாவது பிடித்துப் பார்ப்பார்கள். இதை அவள் ராஜாங்கத்திடம் கேட்டும் விட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. விற்கிற சரக்கைத்தானே முன்னால் அடுக்க முடியும் என்றார்.

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு செய்து முடித்தாள். நேஷனாலிட்டி என்ற இடத்தில் பிரெஞ்சு என்று இருந்தால் போதும், கரை தங்கமாகிவிடும். தப்பே இல்லாமல் வேலை செய்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பென் டிரைவைச் சொருகினாள். மதாம் ஜூஸ்தினின் கண் அவள் மணிக்கட்டில் விழுந்தது.

"பொம்பளப்புள்ளைக்கு எதுக்கும்மா இம்மாம் பெரிய வாட்ச்?"

பூர்ணிமா மௌஸை இழுத்துக்கொண்டாள். படத்தைத் திறந்தாள்.

கடற்கரைச் சாலை. வெள்ளைச் சட்டையில் மதாமின் மகன் மத்தியோ சிரித்துக்கொண்டிருந்தான். படத்தின் ஒரு பக்கம் கத்தரித்த மாதிரி இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு வந்து அவன் தோளில் கிடந்தது.

"கூட வேல பாத்த பொண்ணாம்," என்றார் மதாம் ஜூஸ்தின். "அவனே வெட்டித்தான் அனுப்பியிருக்கான். கை மட்டும் நிக்குது பாரு, அதையும் எடுத்துடு. பொண்ணு வூட்டுக்காரங்க பாத்தா என்னா நெனைப்பாங்க?"

"அவரேவா வெட்டி அனுப்புனாரு?"

"பின்ன? நேத்துதான் மெயில்ல வந்துச்சு. எனக்கு இதெல்லாம் எங்க தெரியும்?"

பூர்ணிமாவுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. கையையும் வெட்டினால் தன் தோள் போய்விடும் என்று விட்டிருப்பான். அவ்வளவு பத்திரமாகத்தான் வெட்டியிருக்கிறான்.

அந்தக் கையை எடுப்பது ஒரு வேலையே இல்லை. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் ஓரங்களை நறுக்கிவிட்டு முகத்தை மட்டும் நடுவில் நிறுத்தும்படிதான் அந்தக் கட்டத்தை அவள் எழுதியிருந்தாள். அதைச் சரிப்படுத்தத்தான் அத்தனை அழுகையும்.

பொத்தானை அமுக்கினாள்.

கட்டம் வந்து விழுந்தது. தங்கக் கரைக்குள் மத்தியோ தன்னந்தனியாகச் சிரித்தான். தோள் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

மதாம் ஜூஸ்தினுக்கு வாயெல்லாம் பல். இந்தத் தையில் முடிந்துவிடும் என்றார். பெண் வீட்டார் வில்லியனூரில் வீடே எழுதித் தருகிறார்களாம்.

பூர்ணிமா அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். எத்தனை நன்றாக நறுக்குகிறது. இதையா கற்றுக்கொண்டோம் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

பிறகு அந்தக் கட்டத்துக்காக எழுதியிருந்ததைத் திறந்தாள். ஓரத்தை நறுக்கச் சொல்லும் வரி எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. அதை அழித்தாள். தங்கக் கரையைத் தொடவில்லை. அது அவனுக்கு இருக்கட்டும்.

"வேற என்னமோ பண்றியே, அதான் நல்லாருந்துச்சே?"

"இன்னும் நல்லா வரும் மதாம்."

சேமித்து, பக்கத்தை மறுபடி திறந்தாள்.

படம் அகலமாக விரிந்தது. முதலில் அவன் தோள் வந்தது. தோளோடு அந்தக் கையும் வந்தது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைமேல் விரல்கள் உரிமையாகப் படிந்திருந்தன. மணிக்கட்டில் பெரிய டயல் வைத்த ஆண்கள் வாட்ச்.

மதாம் ஜூஸ்தின் நாற்காலியை முன்னால் இழுத்தார். திரையில் இருந்த கையைப் பார்த்தார். மௌஸின் மேல் இருந்த கையைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

பூர்ணிமா கையை எடுக்கவில்லை.

"டிசம்பர்ல நோயல் பண்டிகைக்கு வரும்போது நம்ம விஷயத்த வூட்ல சொல்றேன்னாரு, மதாம்."