ஈரத் தலையணை

“சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தலையணையைத் தொட்டுப் பார்த்தேன்க்கா, ஈரமா இருக்கு. ராத்திரி வேர்த்தது அதுவரைக்குமா காயாம இருக்கும்?”

ஆளுக்கொரு முனையாய்ப் படுக்கை விரிப்பைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது நெட்டை இதைச் சொன்னாள். உயரத்துக்காக வைத்த பெயர், அதுவே நிலைத்துவிட்டது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ரகசியம் பேச விரிப்பு மடிப்பதைவிடத் தோதான வேலை கிடையாது. ஒவ்வொரு மடிப்புக்கும் இருவரும் நெருங்கி வந்தாக வேண்டும். சொல்ல வேண்டியதை அப்போது காதில் போட்டுவிட்டு விலகிக்கொள்ளலாம்.

மறுமுனையில் நின்ற மேஸ்திரியம்மா இதையெல்லாம் எப்போதோ தாண்டி வந்தவள்.

“அது நின்னு எத்தனை மாசமாச்சு?”

“வருஷம் ஆகப்போகுதுக்கா.”

“அப்ப இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்.”

நெட்டைக்கு மனம் ஆறவில்லை. நிறுத்திவிட்டு வந்த ஃபேன், வீடு திரும்பும்போது சுற்றிக்கொண்டிருக்கிறது. காய்ச்சி வைத்த பாலில் பாதியைக் காணோம்; குடித்த ஞாபகமும் இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் இதை மகளிடம் போனில் சொல்லித் தொலைத்தாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்துவிட வேண்டியதுதான், இனித் தனியாக விட மாட்டேன் என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். புருஷன் போன பிறகு ஒண்டியாக நின்று சம்பாதித்து மீட்ட வீடு அது. அதை விட்டுவிட்டு மருமகன் முகம் பார்த்து நடந்துகொள்ள அவளால் ஆகாது.

“எனக்கே தெரியாம நான் வேற ஒருத்தியா அந்த வீட்டுக்குள்ள நடமாடுறேனோன்னு பயமா இருக்குக்கா. புத்தி பேதலிச்சுப் போச்சா எனக்கு?”

மேஸ்திரியம்மா விரிப்பை மேஜையில் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வயதில் தான் அடித்த கூத்தையெல்லாம் எடுத்துவிட்டாள். வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டுத் தெருவெல்லாம் தேடியது, சோப்பு விளம்பரத்தைப் பார்த்து விக்கி விக்கி அழுதது, ஒரு காரணமும் இல்லாமல் வீட்டுக்காரரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கியது. அந்த மனுஷன் அதற்குப் பிறகு காபி கேட்கக்கூட வாயைத் திறக்கவில்லையாம். நெட்டைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“புத்தியும் பேதலிக்கல, ஒண்ணும் பேதலிக்கல. உடம்பு ஆட்டம் காட்டுது, அவ்வளவுதான். இனிமே எதைச் செஞ்சாலும் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய். காதுல விழுந்தா மனசுல நிக்கும். கிளம்புறப்போ வாசல்ல இருக்கிற மெயின் சுவிட்சையும் அணைச்சுப் பெட்டியைப் பூட்டிடு. அப்புறம் ஃபேன் எப்படிச் சுத்துதுன்னு பாத்துடலாம்.”

மறுநாள் காலை நெட்டை அப்படியே செய்தாள். யாருமில்லாத வீட்டில் சத்தமாகப் பேசுவது முதலில் கூச்சமாக இருந்தது. சொல்வதையெல்லாம் வீடு காது கொடுத்துக் கேட்பதுபோல் ஒரு நினைப்பு வேறு வந்து உடம்பைச் சிலிர்க்க வைத்தது. அதுவும் இந்த வயதின் வேலைதான் என்று உதறிவிட்டாள்.

“அடுப்பை அணைச்சாச்சு. பாலை மூடி வச்சாச்சு. பின்கதவைப் பூட்டியாச்சு.”

எல்லாமே நினைவில் நின்றது. மகளுக்கு இன்றைக்கே போன் போட்டு, எனக்கு ஒரு குறையும் இல்லை, நான் எங்கேயும் வருவதாக இல்லை என்று சொல்லிவிடலாம். கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

“இனி மெயினை அணைச்சுப் பெட்டியைப் பூட்ட வேண்டியதுதான்” என்றாள்.

“அதை மட்டும் அணைச்சுடாதீங்கக்கா” என்று சமையலறைப் பரணிலிருந்து ஒரு பெண்குரல் கெஞ்சியது. “எனக்கும் அது நின்னு கொஞ்ச நாள்தான் ஆகுது, ஃபேன் இல்லாம பகல்ல படுக்க முடியல.”