வேறு காரணம்

“பள்ளிக்கூடத்தையும் விட்டாச்சு. இனி என்னதான் பண்ணப் போற?”

அப்பா கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கப்புறம் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. நான் பக்கத்திலேயே நின்றாலும், “அவளைத் தண்ணி கொண்டுவரச் சொல்லு” என்று அம்மா வழியாகத்தான் பேச்சு.

நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் எனக்கு வார்த்தை வராது. அதனால்தான் பள்ளிக்கூடம் நின்றது. எழுதச் சொன்னால் வரும்.

அம்மா தைக்கும் தலையணை உறைகளை இணையச் சந்தையில் விற்கிறோம். தைப்பது அம்மா. வாங்கியவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது நான்.

புகார் வந்தால் ஒரு பெட்டி திறக்கும். வாங்கியவர் காரணத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு படமும் சேர்த்து எழுதுவார். நான் பதில் எழுதுவேன். அவர் பெயரையோ முகவரியையோ எங்களுக்குக் காட்டமாட்டார்கள். ஒரு எண் மட்டும்தான்; பொட்டலத்தைச் சந்தைக்காரர்களே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.

நிறம் மங்கல் என்பார்கள். படம் எடுத்தபோது வெயில் அடித்தது, மன்னியுங்கள் என்பேன். தையல் விட்டுப்போயிற்று என்பார்கள். வேறு தைத்து அனுப்புவோம். பெரும்பாலும் சமாதானமாகிவிடுவார்கள்.

ஒருவர் மட்டும் விடாமல் வாங்கினார். வாங்கியதற்கெல்லாம் புகார் போட்டார். காரணம் எப்போதும் ‘வேறு’.

ஒருமுறை, படத்தில் இருந்த பூனை எங்கே என்று கேட்டிருந்தார்.

‘அந்தப் பூனை எங்களுடையதே இல்லை. படம் எடுக்கும்போது தானாக வந்து உறைமேல் உட்கார்ந்தது. எழுந்து போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதையும் சேர்த்தே எடுத்துவிட்டேன்’ என்று எழுதினேன்.

‘சரி. மகிழ்ச்சி’ என்று வந்தது.

இன்னொருமுறை, பித்தான்களில் ஒன்று மட்டும் ஏன் நீலம் என்று கேட்டார்.

‘வெள்ளைப் பித்தான் கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது. நான் ஊர்ந்து போய்த் தேடினேன். பித்தான் கிடைக்கவில்லை. போன வருடம் தொலைந்த அலமாரிச் சாவி கிடைத்தது’ என்று எழுதினேன்.

‘சரி. மகிழ்ச்சி. சாவியை எங்கே வைத்திருக்கிறீர்கள்?’

ஆணியில் மாட்டியிருப்பதாகச் சொன்னேன். ஊரில் இப்படியும் பொழுதுபோகாத மனிதர்கள் இருப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று காலை சந்தைக்காரர்களிடமிருந்து எச்சரிக்கை வந்தது. அவர் ஒரு புகாரைக்கூட முடிக்கவில்லையாம். ‘சரி’ என்று எழுதினால் போதாது, ‘தீர்ந்தது’ என்ற பொத்தானை அழுத்த வேண்டுமாம். எல்லாமே சிவப்பாக நின்றுகொண்டிருந்தன. மாலைக்குள் தீராவிட்டால் எங்கள் கடையை எடுத்துவிடுவார்கள்.

கூடவே அவரிடமிருந்து புதிதாக ஒரு புகார்.

‘உறையில் குறை ஒன்றும் இல்லை. போன தடவை பதில் சின்னதாக இருந்தது. கொஞ்சம் விவரமாக எழுதவும்.’

வழக்கம்போல் படத்தைப் பெரிதாக்கி ஓரம் ஓரமாகப் பார்த்தேன். தையல் நேராக இருந்தது. பித்தான்கள் எல்லாம் வெள்ளை. உறையைப் பிடித்திருந்த கட்டைவிரலும் படத்தில் விழுந்திருந்தது. பாதி நகம் கறுத்திருந்தது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, எழுதி வைத்திருந்த மன்னிப்பை முழுவதும் அழித்தேன்.

சைக்கிள் கடையிலிருந்து அப்பா மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். அம்மா பரிமாறிக்கொண்டே ஆரம்பித்துவிட்டாள்.

“எவனோ வேலையத்தவன், வாங்கி வாங்கி நொட்டை சொல்றான். அவனால கடையே போகப் போகுது. கையில கெடைச்சான்னா அவனையே உறைக்குள்ள போட்டுத் தைச்சிருவேன்!”

அப்பாவுக்குப் புரையேறியது.

“தண்ணியக் குடிங்க. யாரோ நினைக்கிறாங்க.”

நான் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன்.

‘ஐயா, ஒவ்வொரு புகாருக்கும் கீழே “தீர்ந்தது” என்று பச்சையாக ஒரு பொத்தான் இருக்கும். எல்லாவற்றிலும் அழுத்துங்கள். இல்லாவிட்டால் மாலையில் எங்கள் கடை போய்விடும்.

விவரமாக எழுதச் சொன்னீர்கள். நான் பள்ளிக்கூடத்தை விட்டவள். இனி என்ன பண்ணப் போகிறாய் என்று ஒருவர் கேட்டார். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இதைத்தான் பண்ணுகிறேன். எனக்குப் பிடித்திருக்கிறது.

இனிமேல் உறை வாங்க வேண்டாம். உங்களுக்கு இருப்பது ஒரு தலைதானே.’

அனுப்பினேன்.

அப்பாவின் சட்டைப்பையில் போன் கிணுகிணுத்தது.

எச்சில் கையைத் தட்டின்மேல் பிடித்தபடி, இடது கையால் அதை எடுத்து, எட்ட வைத்துக்கொண்டு படித்தார். வெகுநேரம் படித்தார். அம்மா இரண்டாம் முறை பரிமாறியதைக்கூடக் கவனிக்கவில்லை.

பிறகு, சக்கரத்தில் நசுங்கிப் பாதி நகம் கறுத்த அந்தக் கட்டைவிரல் திரைமேல் மெதுவாக இறங்கியது.

என் திரையில் ஒரு சிவப்பு பச்சையானது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் வரிசையாக எல்லாம்.

“என்னடி தனியா சிரிக்கிற?” என்றாள் அம்மா.

“தீர்ந்துடுச்சும்மா.”

அப்பா கை கழுவிவிட்டு வந்தார். என்னைத் தாண்டும்போது சற்று நின்றார். தொண்டையைச் செருமினார்.

பிறகு வாசலில் கிடந்த அம்மாவின் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.