யாருக்காக ஓடுது

"வேணுங்கிறதை எல்லாம் சொல்லியாச்சு இஷ்ரத். ஒரு பேரு விடல. அப்பயும் மெஷின் இல்லை, இல்லைங்குது."

அஜித் திரையை அவள் பக்கம் திருப்பினான். காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் இரண்டே மேசை போட்ட மென்பொருள் அலுவலகம். ஒரு ரத்த வங்கிக்கான மென்பொருள் பேக்கேஜ் சாயங்காலத்துக்குள் சிவகங்கைக்குப் போயாக வேண்டும். நாளை அங்கே பழைய மென்பொருளை நிறுத்துகிறார்கள்.

தனக்குத் தேவையான மற்ற நிரல்களின் பெயர்களை ஒவ்வொரு பேக்கேஜும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனாலும் புது மெஷினில் அதை ஓடவைக்க முடியாது.

"நேத்துக் காலையில ஓடுச்சே," என்றாள் இஷ்ரத்.

"அதான் பிடிபடல."

டீ ஆறிப்போகும்வரை தேடியவன் சட்டென்று நிமிர்ந்தான்.

"நம்ம மேல தப்பில்லை. நாம எடுத்த பேக்கேஜ்ல ஒண்ணு, சொல்லாமக் கொள்ளாம இன்டர்நெட்ல ஒரு அட்ரஸுக்குப் போய் குட்டி நிரல் ஒண்ணை எடுத்துட்டு வந்திருக்கு. பேர்களை அகர வரிசையில அடுக்குற நிரல். இப்ப அந்த அட்ரஸ்ல இருந்த கம்ப்யூட்டரையே காணோம்."

"நமக்கு மட்டும்தானா?"

"அதைக் கேளுங்க. பெருவுல ஒரு நூலகம், பின்லாந்துல ஒரு படகுத்துறை, ஜப்பான்ல ஒரு பள்ளிக்கூடம்... எல்லாருக்கும் நேத்துச் சாயங்காலத்துலருந்து நிக்குது. எந்த மொழிப் பேரைக் கொடுத்தாலும் அடுக்குமாம். உலகமே ஒரு ஆணியில சட்டையை மாட்டியிருக்கு. ஆணி இருக்கிறது ஒருத்தருக்கும் தெரியலை."

"நேத்துச் சாயங்காலமா?" அவள் குரல் இறங்கியிருந்தது.

"ஆமா. அதை எழுதினவரை எல்லாரும் தேடுறாக. ஒருத்தர் எதையும் கேக்கல. 'ஐயா, நலமா இருக்கீங்களா?'ன்னு மட்டும் எழுதியிருக்கார்."

இஷ்ரத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். குடிக்காமலே மூடினாள்.

"நீங்க ஏன் இப்படி உறைஞ்சு போய் உக்காந்திருக்கீக? சாயங்காலம் திட்டு வாங்கப்போறது நான்."

"அந்த அட்ரஸைக் காட்டுங்க."

காட்டினான். அவள் அதை எழுத்தெழுத்தாக வாசித்தாள். பிறகு, பெருவும் பின்லாந்தும் ஜப்பானும் வரிசையில் நிற்கும் அந்தத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, வீட்டுக்கு போன் போட்டாள்.

"அம்மா... முனீர் அண்ணன் ரூம்ல ஒரு கம்ப்யூட்டர் பெட்டி மினுக்கிட்டே இருக்குமே. மௌத்தாகி ரெண்டு வருசமாச்சு, ஆளே இல்லாத ரூம்ல இன்னும் யாருக்காக ஓடுதுன்னு நேத்துச் சாயங்காலம் நான் உங்களோட சண்டை போட்டு அணைச்சேன்ல, அதைக் கொஞ்சம் போட்டுவிடுறீகளா?"