இறுக்கி அடிச்ச காத்து

சைக்கிள் கடை மெக்கானிக்குக்கு வேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம். முன்சக்கரம் நெளிந்த சைக்கிளை வாடிக்கைக்காரரின் மனைவி தூக்கிவந்து நிறுத்தியதும் ஆரம்பித்துவிட்டான்.

“என்னக்கா, அண்ணன் வரலையா? மலையில விழுந்து சில்லறை பொறுக்கிட்டாரா?”

“அவரால வர முடியலைப்பா. இதைச் சரி பண்ண முடியுமா, பாரு.”

பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அமுக்கியவன் முகம் சுளித்தான். “கல்லு மாதிரி இருக்கே! எந்த அறிவாளி காத்தடிச்சது? ஆத்தோரம், வயக்காடு, திராட்சைத் தோட்டத்து மலைன்னு அண்ணன் சுத்துறதெல்லாம் சரளை ரோடு. காத்து கம்மியா இருந்தாத்தான் டயர் பிடிக்கும். இப்படி இறுக்கினா இறக்கத்துல ஆளையே தூக்கி வீசிடும்.”

“டயர் அமுங்கிக் கிடந்துச்சு. பாவம், மலையேறணுமேன்னு நான்தான் தோள் வலிக்க வலிக்க அடிச்சு வெச்சேன்.”

மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டான். “கிளம்பும்போது அண்ணன் பார்க்கலையா?”

“அமுக்கிப் பார்த்தார். ‘நீயா அடிச்சே?’ன்னார். ஆமான்னதும் சிரிச்சுட்டு அப்படியே கிளம்பிட்டார்.”

“சரி, விடுங்கக்கா. அடுத்த தடவை அவரையே அடிச்சுக்கச் சொல்லுங்க.”

“அடுத்த தடவை ஏதுப்பா? அடக்கம் பண்ணி ஒன்பது நாளாச்சு. அத்தனை வருஷம் ஓட்டின மனுஷன் எப்படி விழுந்தார்னுதான் யாருக்கும் புரியாம இருந்துச்சு.”

அவன் கட்டைவிரல் அந்த டயரை விட்டு எழவே இல்லை.