மருதாத்தாள் தோளில் யானை

“மாசாணியாத்தா சத்தியமாச் சொல்றேன். இதுல ஒரு சொல்லு பொய்யின்னாலும் நாளைக்கே ஆனைமலைக்குப் போயி எம்பேர்ல மொளகா அரைச்சுப் பூசிட்டு வந்துருங்க” என்று ஆறுச்சாமி ஆரம்பித்தார்.

எழுபத்தெட்டு வயது. கையில், செத்துக் கிடக்கும் அக்காள் மருதாத்தாளுக்குப் போர்த்த வாங்கி வந்த பிறந்த வீட்டுக் கோடிச்சேலை.

உடன்பிறந்தவன் கோடி விழாமல் கோவிந்தாபுரத்துப் பக்கம் எந்தப் பொம்பளையும் கடைசியாக வாசல் தாண்டியதில்லை.

ஆம்புலன்ஸ் ஓட்டி வந்த ஜின்சன், பதினோரு மணிக்கு மயானத்தில் நேரம் பதிந்திருப்பதை மூன்றாவது தடவையாக ஞாபகப்படுத்திவிட்டுப் போனான்.

ஆனால் சித்ரா விடவில்லை. மருதாத்தாளின் மகள். சற்று முன்புதான் பொம்பளைகளோடு சேர்ந்து அம்மாவைக் குளிப்பாட்டியிருந்தாள்.

“அந்த வலத்தோள் தழும்பு எப்படி வந்துச்சுங்க மாமா? அம்மாவைக் கேட்டப்பெல்லாம் ‘உங்க மாமனைக் கேளு’ன்னுதானுங்க சொல்லுச்சு. இனி நான் யாரைக் கேக்கறது?”

தோளுக்குக் குறுக்கே, உள்ளங்கை அகலத்துக்கு, எருமைத் தோல்போலத் தடித்துக் கருத்த தழும்பு.

இந்தக் கேள்வி ஒரு நாள் வரும் என்று ஆறுச்சாமிக்கு ஐம்பது வருஷமாகத் தெரியும். பதிலும் தெரியும். அதை அவரே சொல்லட்டும் என்று அக்காள் விட்டுவைத்திருந்தாள் என்பதுதான் தெரியாது.

கோடியைப் போர்த்தினால் தோள் மூடிவிடும். சொல்வதானால் அதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும்.

வாயைத் திறந்தார். யானை வந்தது.

சித்ரா தொட்டிலில் கிடந்த வருஷமாம். கடலைக்காட்டில் மருதாத்தாள் தனியாகக் களை வெட்டிக்கொண்டிருக்கிறாள். ஆனைமலைப் பக்கமிருந்து கிழட்டு யானை ஒன்று இறங்கி வருகிறது. இரண்டு கண்ணிலும் புரை. வரப்பெது, வாய்க்காலெது என்று தெரியாமல் செடியையெல்லாம் மிதிக்கிறது.

“புரைன்னு பாத்துச் சொன்ன டாக்டரு யாருங்க மாமா?” என்றாள் பக்கத்துத் தோட்டத்துச் சிவசங்கரி.

“டாக்டரு எதுக்கு? வர்ற வழியில என்னையப் பாத்து அழகா இருக்கறேன்னு நெனச்சுச் சிரிச்சுது. அதுலயே தெரியலையா?”

மருதாத்தாள் ஓடவில்லை. கண்ணு தெரியாட்டி ஊட்ல கெடக்கறதில்லையா பொறுப்பு கெட்டதே என்று வைதாள். யானை தலையைத் தொங்கப் போட்டது. அப்புறம் அவளுக்கே மனசு கேட்கவில்லை. தும்பிக்கையைத் தூக்கித் தன் வலத்தோளில் போட்டுக்கொண்டு, குருடனைக் கோல் பிடித்துக் கூட்டிப்போவதுபோல மலையைப் பார்த்து நடந்தாள்.

பதினோரு மைல். தும்பிக்கை ஒரு தென்னைமரக் கனம்.

செக்போஸ்ட்டில் யானைக்குச் சீட்டு எங்கே என்றார்கள். “எங்கூட்டுதுதானுங்க, ஒடம்பு செரியில்லீங்க” என்றாள். கட்டையைத் தூக்கி விட்டுவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது ரவிக்கையோடு தோளின் தோலும் போயிருந்தது. மறுநாள் விடிந்ததும் வழக்கம்போலக் காட்டில் நின்றாள்.

ஜின்சன் எப்போது படியேறி உள்ளே வந்தானோ தெரியவில்லை. “பின்னே அந்த ஆனை வந்நோ?” என்று மலையாளத்தில் கேட்டான்.

“வராமெ? வருஷா வருஷம் ஆடி நோம்பிக்கு மொந்தன் வாழை ஒரு தாரு வாசல்ல வெச்சிட்டுப் போகும். மச்சான் செத்த வருஷம் ரெண்டு தாரு.”

அழுது ஓய்ந்த பொம்பளைகள் முந்தானையால் சிரிப்பைப் பொத்திக்கொண்டார்கள். ஆறுச்சாமி சொன்னால் பாதியைக் கழித்துவிட்டு மீதியை நம்புவது அந்த ஊர் வழக்கம். சித்ரா மட்டும் கழிக்கவில்லை.

“எங்கம்மா செஞ்சிருக்கும்” என்றாள். “போன செவ்வாக்கெழம வரைக்கும் தென்னைக்குத் தண்ணி கட்டுன பொம்பளை. செஞ்சிருக்கும்.”

ஆறுச்சாமி அக்காளின் முகத்தைப் பார்க்கவில்லை. கதை முழுவதையும் அவளுடைய கால் பெருவிரல்களைப் பார்த்தேதான் சொன்னார். சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இரண்டு குடம் வெந்நீர் ஊற்றியும் நகக்கண்ணில் செம்மண் போகவில்லை.

சித்ரா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். “அவ்வளவுதானுங்களா மாமா?”

அவள் கை சூடாக இருந்தது. இப்போதுகூடச் சொல்லலாம். யாரும் அடித்துவிடப் போவதில்லை. அழுவாள், அவ்வளவுதான்.

“அவ்வளவுதான் கண்ணு.”

கோடியை உதறி விரித்தார். காலிலிருந்து போர்த்திக்கொண்டு வர வேண்டியதைத் தோளிலிருந்து தொடங்கினார். அந்த இடத்தில் மட்டும் சேலை இரண்டு மடிப்பாக விழும்படி பார்த்துக்கொண்டார். அந்த மடிப்பையே திரும்பத் திரும்ப நீவுவதைக் கண்டு, பாவம், கூடப்பிறந்தவளாச்சே என்றார்கள்.

தூக்கினார்கள்.

சித்ரா தொட்டிலில் கிடந்த வருஷம், மருதாத்தாளின் உழவு மாடு இரண்டில் ஒன்றைச் சொல்லாமல் ஓட்டிக்கொண்டு போய், ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயத்தில் அந்த மாட்டையே பணயம் வைத்துத் தோற்றவர் ஆறுச்சாமி; அடுத்த மூன்று உழவுக்கு அந்த மாட்டுக்குப் பதிலாக நுகத்தை இழுத்தது அவளுடைய வலத்தோள்.